சினிமாவுக்கு நேர்ந்தது வீடியோ கேமுக்கும் நேர வேண்டாம்

திரைப்படச் சங்கங்களையும் சிற்றிதழ்களையும் காமிக்ஸ் வாசகர் வட்டங்களையும் நடத்தும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



மாதம் ஒரு படத்தைத் திரையிட்டு, முடிந்ததும் கலைந்து போகாமல் உட்கார்ந்து பேசுகிறீர்கள். கைக்காசைப் போட்டு இதழ் கொண்டுவருகிறீர்கள். சிவகாசியிலிருந்து வரும் காமிக்ஸ் தொகுப்புகளுக்கு முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறீர்கள். இலக்கியத்துக்குக் கொடுக்கும் கவனத்தை வெகுஜனக் கலைக்கும் கொடுக்கலாம் என்று தமிழ் வாசகருக்குக் காட்டியவர்கள் நீங்கள். திரைப்பாடல், நட்சத்திர அரசியல், கானா, மாங்கா என்று உங்கள் அக்கறை எட்டாத இடம் குறைவு. அப்படிப்பட்ட உங்கள் கூட்டங்களில் வீடியோ கேம் என்ற பேச்சே அபூர்வமாகத்தான் எழுகிறது. எழுந்தாலும், பிள்ளைகள் செல்போனும் கையுமாகக் கிடக்கிறார்களே என்ற கவலையோடு அது முடிந்துவிடுகிறது. உங்களிடம் நான் கேட்பது இதுதான்: சினிமா, நாவல், காமிக்ஸ், இசை ஆகியவற்றோடு சேர்த்து வீடியோ கேமையும் ரசியுங்கள், தேடிப் போங்கள், விமர்சியுங்கள். அதற்காக இரவு பகலாக ஆடித் தேர்ந்தவராக நீங்கள் மாற வேண்டியதில்லை. நீங்கள் ஏற்கெனவே நேசிக்கும் கலைகளிலிருந்தே அதற்குள் போக வழி இருக்கிறது. அந்த வழியாகப் போகிறவருக்குத்தான் அதன் நல்லதும் கெட்டதும் சரியாகக் கண்ணில் படும் என்பது என் வாதம்.

ஒரு புதிய கலையை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. தமிழ் சினிமா பிறந்து வளர்ந்த ஆண்டுகளில் படித்த வர்க்கம் அதை எவ்வளவு இளக்காரமாகப் பார்த்தது என்பதைத் தியடோர் பாஸ்கரன் தம் ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கிறார். ராஜாஜி போன்ற தலைவர்களே அதை வெறுத்தார்கள். மதிக்கப்படாத பொருளைப் பாதுகாக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ என்ற மௌனப் படம் இன்று இல்லை. அந்தக் கால மௌனப் படங்களில் ஏறக்குறைய எல்லாமே அழிந்துவிட்டன. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ படத்தின் பிரதியும் கிடையாது. அந்தப் படத்தைப் பற்றி நமக்கு ஏதோ கொஞ்சம் தெரிகிறது என்றால், ஆனந்த விகடனில் கல்கி எழுதிய விமர்சனம் போன்ற சில எழுத்துகளே காரணம். படத்தை இழந்த பிறகு, அதைப் பொருட்படுத்தி ஒருவர் எழுதிய பக்கங்கள் மட்டும் எஞ்சின. வீடியோ கேம் விஷயத்தில் உலகமே இன்று அந்த நிலையில் இருக்கிறது. அமெரிக்காவில் இயங்கும் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010க்கு முன் அந்நாட்டில் வெளியான கேம்களில் 87 சதவீதத்தை இப்போது கடையில் வாங்க வழியில்லை என்று அது சொன்னது. இத்தனைக்கும் அங்கே விமர்சகர்களும் ஆவணக் காப்பாளர்களும் அருங்காட்சியகங்களும் உண்டு. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இலேயே ‘பேக்-மேன்’, ‘டெட்ரிஸ்’ உட்பட 14 கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. நம்மிடம் அந்த அளவுக்குக்கூட ஒன்றும் இல்லை.

இனி, வழி இருக்கிறது என்றேனே, அதற்கு வருகிறேன். உங்களில் பலர் தார்கோவ்ஸ்கியின் ‘ஸ்டாக்கர்’ படத்தைத் திரையிட்டிருப்பீர்கள். 1979இல் வந்த அந்தப் படத்துக்கு மூலம், ஸ்துருகாத்ஸ்கி சகோதரர்கள் 1972இல் வெளியிட்ட ‘சாலையோரச் சிற்றுண்டி’ என்ற ரஷ்ய அறிவியல் புனைகதை. நாவலில் தடைசெய்யப்பட்ட மண்டலத்துக்குள் நுழைகிறவன், கண்ணுக்குத் தெரியாத பொறி எங்கே இருக்கிறது என்று அறிய, ஒவ்வோர் அடிக்கும் முன்னால் நட்டு போல்ட்டுகளை வீசிப் பார்க்கிறான். படத்தில் அந்த நட்டுகளில் வெள்ளைத் துணி கட்டப்பட்டிருக்கும். எங்கே போய் விழும் என்று நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். படம் வந்து ஏழு ஆண்டுகளில் செர்னோபில் அணு உலை வெடித்தது. கதையில் இருந்த மண்டலம் உக்ரைனில் நிஜமாகவே உருவானது. அனுமதியின்றி அதற்குள் போய் வருகிறவர்கள் தங்களை ஸ்டாக்கர் என்றே அழைத்துக்கொள்கிறார்கள். 2007இல் கீவ் நகரத்து நிறுவனமான ஜிஎஸ்சி கேம் வேர்ல்டு, அந்த நாவலையும் படத்தையும் தங்கள் மண்ணில் நடந்த பேரழிவையும் ஒன்றாக்கி ‘ஸ்டாக்கர்: ஷேடோ ஆஃப் செர்னோபில்’ என்ற கேமை வெளியிட்டது. அதிலும் போல்ட் இருக்கிறது, ஆனால் அதை வீச வேண்டியவர் ஆடுகிறவர். நாவலில் வாசித்த தயக்கமும் படத்தில் பார்த்த தயக்கமும் இங்கே ஒரு பொத்தானை அழுத்தலாமா கூடாதா என்ற நம் சொந்தத் தயக்கமாகிவிடுகின்றன. முன்னால் காற்று லேசாக நெளிகிறது. போல்ட்டை வீசுகிறோம். அதனால் பொறி தூண்டப்பட்டால் வேறு பக்கம் சுற்றிப் போகிறோம். ஒரே செய்கை மூன்று கலைகளில் எப்படி மூன்று விதமாகப் பொருள் கொள்கிறது என்பதை ஓர் ஒப்பீட்டுக் கட்டுரையாக எழுத உங்களைவிடத் தகுதியானவர் யார்? அந்தக் கேம் வரிசையின் பின்னைய பாகம் ஒன்று போருக்கு நடுவே, நிறுவனத்தின் ஒரு பகுதி பிராகுக்கு இடம்பெயர்ந்த நிலையில் முடிக்கப்பட்டு, 2024 நவம்பரில் வெளிவந்தது. படம் பார்த்த கையோடு அந்த வரலாற்றையும் பேசாமல் விட்டால் உரையாடல் 1979லேயே நின்றுவிடுகிறது.

காமிக்ஸ் நண்பர்களுக்கு இதைவிடவும் கிட்டத்தில் வழி இருக்கிறது. வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்த ‘தேர்ட்டீன்’ தொடர் உங்களுக்கு ‘இரத்தப் படலம்’ என்ற பெயரில் நெருக்கமானது. நினைவை இழந்து கரையொதுங்கிய மனிதனின் அந்தக் கதையை யுபிசாஃப்ட் நிறுவனம் 2003இல் கேமாக்கியது. அசல் போலத் தோன்றும் உருவங்களை நோக்கிக் கேம் உலகம் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், அதை உருவாக்கியவர்கள் கறுப்புக் கோடும் தட்டையான வண்ணமும் கொண்ட காமிக்ஸ் தோற்றத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். தொலைவிலிருந்து எதிரியைச் சுட்டால் திரையின் மேல் தனிக் கட்டங்கள் விரிந்து அவன் விழுவதைக் காட்டும். ஓசைகள் எழுத்துகளாக வந்து நிற்கும். ஜப்பானில் இந்த உறவு இன்னும் பழையது. 1986இல் வெளியான ‘டிராகன் குவெஸ்ட்’ கேமுக்குப் பாத்திரங்களை வரைந்தவர், அப்போது ‘டிராகன் பால்’ வரைந்துகொண்டிருந்த அகிரா தோரியாமா. அதற்குக் கொய்ச்சி சுகியாமா அமைத்த இசை அடுத்த ஆண்டே டோக்கியோவில் கச்சேரியாக அரங்கேறியது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாடுகள் அணிவகுத்து வந்தபோது முதலில் ஒலித்ததும் அந்த இசைதான். கேம்களுக்காக எழுதப்பட்ட இசையோடுதான் அந்த அணிவகுப்பு நடந்தது. ஜப்பானியக் கேம் வடிவமைப்பாளர் ஹிதேயோ கோஜிமா திரைப்பட இயக்குநராக விரும்பியவர். 1987இல் அவர் ‘மெட்டல் கியர்’ செய்தபோது அவருக்குக் கிடைத்த கணினியால் ஒரே திரையில் பல எதிரிகளையும் குண்டுகளையும் காட்ட முடியவில்லை. ‘தி கிரேட் எஸ்கேப்’ படத்தை மனதில் வைத்துக்கொண்டு, சண்டை போடுவதற்குப் பதில் ஒளிந்து தப்பிக்கும் கேமை அவர் அமைத்தார். ஒளிந்து ஆடும் கேம் ஒரு தனி வகையாகவே வேரூன்ற அது காரணமாயிற்று. ஒரு கலையின் ரசனை இன்னொரு கலையின் பிறப்புக்கு உதவிய கதைகள் இவை. சினிமாவை மட்டும், காமிக்ஸை மட்டும் தனித்தனிப் பெட்டிகளில் வைத்துப் பேசும்போது இந்தக் கதைகள் நம் கைக்கு வருவதில்லை.

இத்தகைய உறவுகள் எல்லாமே ஆழமானவை என்று நான் சொல்ல வரவில்லை. 2020இல் வெளியான ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’ என்ற கேமில் ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் பெயரிலேயே ஒரு தேர்வு உண்டு, அவரது குடும்பத்தாரின் அனுமதியோடு வைத்தது. அதைத் தேர்ந்தால் திரை கறுப்பு வெள்ளையாகும், படச்சுருளின் புள்ளிகள் தெரியும், காற்று பலமாக வீசும். குரோசாவாவைக் குரோசாவாவாக ஆக்குவது, ஒரு சட்டத்துக்குள் மனிதர்களை அவர் நிறுத்தும் விதமும், அசைவை எந்தக் கணத்தில் வெட்டுகிறார் என்பதும் அல்லவா? கேமரா ஆடுகிறவர் கையில் இருக்கும்போது அது எதுவும் அங்கே நிகழாது. அதே கேமில், வழிகாட்டும் அம்புக்குறிக்குப் பதிலாகக் காற்று நாம் போக வேண்டிய திசையில் புல்லைச் சாய்க்கிறது. குரோசாவாவுக்கு உண்மையான மரியாதை அந்தச் சாய்ந்த புல்லில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. காற்றையும் மழையையும் கதையின் பாத்திரங்களாக்கியவர் அவர். இதை மறுத்து உங்களில் ஒருவர் எழுதினால் மகிழ்வேன். இப்படியொரு விவாதம் தமிழில் இன்னும் தொடங்கவில்லை என்பதுதான் என் குறை.

உங்களில் கறாரான ரசனை உள்ளவர்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள். கலை என்றால் படைத்தவரின் தீர்மானம் இருக்க வேண்டும், ஆடுகிறவர் இஷ்டப்படி நகரும் ஒன்றில் ஆசிரியரின் குரல் எங்கே இருக்கிறது என்று. அமெரிக்கத் திரை விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். வீடியோ கேம் ஒருபோதும் கலையாக முடியாது என்று 2010 ஏப்ரலில் எழுதினார். ஆடிப் பார்க்காமல் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று சில மாதங்களிலேயே ஒப்புக்கொண்டார். அவர் ஒப்புக்கொண்டதோடு கேள்வி தீர்ந்துவிடவில்லை, அது நல்ல கேள்வி. அதற்கான விடை ‘ஃபுளோரன்ஸ்’ போன்ற கேம்களில் இருக்கிறது. மெல்பர்னில் உருவாகி 2018இல் வந்த அதைச் செல்போனில் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, கிருஷ் என்ற செல்லோ கலைஞனைக் காதலிக்கிறாள். முதல் சந்திப்பில் அவள் பேச வேண்டுமானால், உடைந்த துண்டுகளை நாம் பொருத்திப் பேச்சுக் குமிழை முழுமையாக்க வேண்டும். பழக்கம் நெருங்க நெருங்கத் துண்டுகள் குறைகின்றன, பேச்சு தானாக வருகிறது. சண்டை வரும்போது துண்டுகள் கூர்மையாகிவிடுகின்றன, யார் முந்திப் பொருத்துவது என்ற போட்டியாகிவிடுகிறது. அவன் குடிவரும்போது அலமாரியில் அவன் பொருளுக்கு இடம் பண்ணிக்கொடுத்த அதே விரலால், பிரியும்போது அவற்றைப் பெட்டியில் அடுக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கதையில் ஆடுகிறவரால் எதையும் மாற்ற முடியாது. எல்லாம் ஆசிரியரின் தீர்மானம். சொல்லையும் பிம்பத்தையும் வைத்து மற்றவர்கள் சொல்வதை, கேமை அமைப்பவர் நம் கைக்குக் கொடுக்கும் வேலையின் மூலம் சொல்கிறார். லூக்கஸ் போப் 2013இல் செய்த ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ இன்னும் கடுமையானது. நீங்கள் ஒரு சர்வாதிகார நாட்டின் எல்லைச் சாவடியில் கடவுச்சீட்டைச் சரிபார்க்கும் குமாஸ்தா. எத்தனை பேரைச் சரியாகப் பார்த்து முடிக்கிறீர்களோ அதற்குத்தான் கூலி. தவறு கூடினால் சம்பளத்தில் பிடித்தம். மாலையில் வாடகை, சாப்பாடு, கணப்பு, மருந்து என்று கணக்குப் பார்க்க வேண்டும். கணவனிடம் காகிதம் எல்லாம் சரியாக இருக்கிறது, அவனுக்குப் பின்னால் நிற்கும் மனைவியிடம் ஒன்று குறைகிறது. முத்திரை உங்கள் கையில். கருணை காட்டினால் வீட்டில் பிள்ளைக்கு மருந்து இல்லாமல் போகலாம். அரசு இயந்திரத்தின் கொடுமையைக் காஃப்காவில் வாசித்தவர்கள் நீங்கள். சாதாரண மனிதன் அந்த இயந்திரத்தின் பல்லாக மாறுவது எவ்வளவு எளிது என்பதை இந்தக் கேம் உங்களைக் கொண்டே நிகழ்த்திக் காட்டும்.

அடுத்த ஆட்சேபம் உங்கள் வீடுகளிலிருந்து வரும். பிள்ளைகள் அடிமையாகிறார்கள், பணம் போகிறது, உயிரே போகிறது. இதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இணைய ரம்மியில் பணம் இழந்தவர்களின் தற்கொலைகள் தமிழ்நாட்டை உலுக்கியதால்தான் 2022இல் மாநில அரசு இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்து அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்தது. அந்த ஒன்றியச் சட்டமே பணம் வைத்து ஆடுவதையும் மற்ற கேம்களையும் வேறுவேறாகப் பார்க்கிறது. நம் பத்திரிகைகளும் பேச்சும்தான் இன்னும் ‘ஆன்லைன் விளையாட்டு’ என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கேம் சார்ந்த கோளாறு அதில் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் கட்டுப்பாட்டை இழந்து, மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கி, தீங்கு தெரிந்தும் தொடர்கிற நிலை பொதுவாக ஓராண்டாவது நீடித்திருக்க வேண்டும் என்று அது வரையறுக்கிறது. ஆசையாக ஆடுவது வேறு, நோய் வேறு. இதில் ஒரு கேமுக்கும் இன்னொன்றுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. ‘ஃபுளோரன்ஸ்’ ஒருமுறை காசு வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் நம்மை விட்டுவிடுகிறது. இலவசமாகக் கிடைக்கும் பல செல்போன் கேம்களோ நாம் திரும்பத் திரும்ப வருவதையும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பரிசுப் பெட்டிகளைக் காசு கொடுத்துத் திறப்பதையும் நம்பியே கட்டப்பட்டவை. 2018இல் பெல்ஜியம் அத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே தீர்மானித்தது. எந்தக் கேம் எந்த வகை, எது நம் நேரத்தை மதிக்கிறது, எது திருடுகிறது என்று ஒரு பதினைந்து வயதுக்காரருக்குச் சொல்வது யார்? வீட்டில் திட்டுகிறார்கள். பள்ளியில் பறிமுதல் செய்கிறார்கள். விளம்பரம் மட்டும்தான் அவரிடம் கேம்களைப் பற்றிப் பேசுகிறது. மட்டமான சினிமாவுக்கு எதிராக உங்கள் சங்கங்கள் தடை கேட்டுப் போராடவில்லை, நல்ல படங்களைக் காட்டின. இங்கேயும் அதுவே பலன் தரும்.

வன்முறை பற்றியும் கேட்பீர்கள். உண்மைதான், சுடுவதையே பொழுதுபோக்காக்கிய கேம்கள் ஏராளம். போரைப் பற்றிய கேம் என்றால் துப்பாக்கி ஏந்தியவனின் கேமாகத்தான் இருக்க வேண்டுமா என்ற கேள்வியை வார்சாவைச் சேர்ந்த 11 பிட் ஸ்டுடியோஸ் 2014இல் எழுப்பியது. சரயேவோ முற்றுகையை மனதில் கொண்டு அவர்கள் செய்த ‘திஸ் வார் ஆஃப் மைன்’ கேமில் நீங்கள் சிப்பாய் இல்லை. இடிந்த வீட்டில் ஒண்டியிருக்கும் பொதுமக்கள். இரவில் மருந்து தேடிப் போகும் வீட்டில் ஒரு முதிய தம்பதி இருந்தால், அவர்கள் மருந்தை எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். எடுத்தால் அதன் குற்றவுணர்வு உங்கள் பாத்திரத்தை நாட்கணக்கில் முடக்கிவிடும். 2020இல் போலந்து அரசு அந்தக் கேமைப் பள்ளிகளின் பரிந்துரை வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. முற்றுகையையும் பட்டினியையும் பதுங்கு குழியையும் அறிந்த ஈழத் தமிழ் எழுத்தாளர்கள் இந்தக் கேமை எப்படிப் பார்ப்பார்கள் என்று அறிய எனக்கு ஆவல். போரின் அனுபவத்தை அது நேர்மையாகச் சொல்கிறதா, எளிமைப்படுத்துகிறதா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை அவர்களுக்குத்தான் முதலில் உண்டு.

கடைசியாக, இதெல்லாம் யாரோ எங்கோ செய்தது, நம் வாழ்க்கைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். ‘வெண்பா’ என்ற கேம் 2023 ஜூலையில் வெளிவந்தது. டொரண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு செய்தது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் என்ற தம்பதியும் அங்கே பிறந்து வளரும் அவர்கள் மகன் கவினும்தான் கதை. ஆட்டம் என்பது சமையல். வெண்பாவுக்கு அவள் அம்மா கொடுத்துவிட்ட சமையல் குறிப்பேடு சிதைந்துபோயிருக்கிறது. விடுபட்ட வரியை ஊகித்து, இட்லித் தட்டுகளை ஆவி தடைபடாதபடி மாற்றி அடுக்கி, அடுப்பை ஏற்ற வேண்டும். பின்னணியில் வானொலியில் ஒலிக்கும் பாட்டுகள் வெவ்வேறு காலத் தமிழ்த் திரையிசையின் பாணியில் புதிதாக அமைக்கப்பட்டவை. கதை நகர நகரப் பாட்டின் காலமும் நகர்கிறது. ஆண்டு என்ன என்று திரை சொல்வதற்கு முன்பே தாளக்கட்டும் இசைக்கருவியும் நம் காதுக்குச் சொல்லிவிடுகின்றன. தமிழ்த் திரையிசையில் ஊறாத ஒருவருக்கு இது முழுதாகப் பிடிபடாது. 2024இல் அந்தக் கேமுக்குச் சுயாதீன கேம் விழாவின் பெரும் பரிசும், சிறந்த அறிமுக கேமுக்கான பிரிட்டிஷ் அகாடமி விருதும் கிடைத்தன. உலகின் கேம் விமர்சகர்கள் அதைத் தாய்மை, குடியேற்றம், உணவு என்றெல்லாம் பாராட்டி எழுதினார்கள். அதன் பாட்டுகள் எந்தக் காலத்தை, யாருடைய பாணியை நினைவூட்டுகின்றன என்று காதால் அளந்து சொல்லத் தமிழர்களால்தான் முடியும். புலம்பெயர் இலக்கியத்துக்குச் சிறப்பிதழ் போடுகிற நாம், புலம்பெயர் வாழ்வைப் பற்றி ஒரு தமிழர் செய்து உலகம் கொண்டாடிய ஒரு படைப்புக்கு ஒரு சிறப்பிதழ்கூடப் போடாமல் இருக்கலாமா?

செலவு ஒரு தடை என்பதை அறிவேன். கன்சோலும் புதிய கேம்களும் நம் வருமானத்துக்கு எட்டாத விலையில் இருக்கின்றன. ஆனால் நான் மேலே சொன்னவற்றில் பலவற்றுக்குப் பழைய கணினியோ சாதாரண செல்போனோ போதும். ஆண்டில் பலமுறை வரும் தள்ளுபடியில் ஒரு புத்தக விலைக்கும் குறைவாக அவை கிடைக்கும். படத்துக்கு நீங்கள் பயன்படுத்தும் அதே புரொஜெக்டரில் கணினியை இணைத்தால் அரங்கமே சேர்ந்து ஆடலாம். ஒருவர் கன்ட்ரோலரைப் பிடிக்க, மற்றவர்கள் போல்ட்டை அந்தப் பக்கம் வீசு, அந்த அம்மாவை உள்ளே விடு என்று சொல்ல, அரங்கில் எழும் வாக்குவாதமே பாதி விமர்சனம். ஆடத் தெரியாதே என்று கூச்சப்படும் மூத்தவர்களுக்கு இது வசதி. அவர்கள் சொல்லலாம், இளையவர்கள் ஆடலாம். உங்கள் கூட்டங்களுக்கு இளைஞர்கள் வருவதில்லை என்று நீங்கள் வருந்துகிறீர்கள். அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கலையைப் பேச அழைத்தால், அதே அரங்கில் தார்கோவ்ஸ்கியையும் அவர்கள் பார்ப்பார்கள். அடுத்து ‘ஸ்டாக்கர்’ படத்தைத் திரையிடுகிறவர்கள், அதன் பிறகு கேமின் முதல் ஒரு மணி நேரத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். காமிக்ஸ் வட்டத்தினர் ‘இரத்தப் படலம்’ கேமில் தொடங்கலாம். இதழ் நடத்துகிறவர்கள், மாதம் ஒரு பக்கம் ஒதுக்கி அதைக் கேம் ஆடும் இருபது வயதுக்காரர் ஒருவரிடம் கொடுங்கள். அவர் தமிழில் தடுமாறினால் திருத்திக் கொடுங்கள். நீங்கள் எழுதக் கற்றதும் அப்படித்தானே.

மிகுந்த மதிப்புடன்,
உங்கள் இதழ்களையும் திரையிடல்களையும் தொடரும் ஒரு வாசகர்